பட்டையோடு ஒரு தூண், பெயர் தெரியாத ஓர் உத்தரம்: இது என்ன மரம்?

பெண்ணாகரத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். பெண்ணாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற சாலையில் உள்ளே தள்ளி எங்கள் ஊர். நான் வேலை பார்ப்பது கோவையில். போன ஞாயிற்றுக்கிழமை, தாத்தா அறுபது வருடத்துக்கு முன் கட்டிய மாட்டுக்கொட்டகையைப் பிரித்தோம். மாட்டை விற்றே பதினோரு வருடம் ஆகிறது. ஓடு ஒரு பக்கம் சரிந்து, எப்போது யார் தலையில் விழுமோ என்று இருந்தது.

மேலே இருந்த மூங்கிலும் வேப்பங்கைமரங்களும் தொட்டதும் பொடியாக உதிர்ந்தன. கரையான் உள்ளே புகுந்து வெறும் கூடாக விட்டுவைத்திருந்தது. ஆனால் நான்கு தூண்களும் நடு உத்தரமும் அப்படியே இருக்கின்றன. தூண்களை இரண்டு அடி ஆழத்துக்கு மண்ணில் நட்டிருந்தார்கள். தோண்டி எடுத்தபோது மண்ணுக்குள் இருந்த பாகத்தில் வெளிச்சுற்று மட்டும்தான் போயிருந்தது. உள்கட்டை கல் மாதிரி.

உத்தரம் 9 அடி நீளம், ஏறக்குறைய 6 அங்குலச் சதுரம், கோடரியால் செதுக்கியது. நானும் மச்சானும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கியதில் அவனுக்கு இடுப்பு பிடித்து இரண்டு நாள் படுத்துவிட்டான். அதில் ஆணி இறங்கவில்லை. ட்ரில் போட்டால் புகை வருகிறது, பிட் நீலமாகிவிட்டது. தூளின் நிறம் காப்பிப்பொடிக்கும் பீட்ரூட்டுக்கும் நடுவில்.

தூண்களில் மூன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். நான்காவது உருண்டையாக, 7 அங்குல விட்டத்தில், ஒரு பக்கம் பட்டையோடே நிற்கிறது. சுவரை ஒட்டி மழை படாமல் இருந்ததால் பட்டை தப்பித்திருக்கிறது என்று நினைக்கிறேன். பட்டை கருஞ்சாம்பல் நிறம், நீளவாக்கில் ஒழுங்கில்லாத வெடிப்புகள். விரல் பருமன்கூட இல்லை.

இதுவரை கிடைத்த பதில்கள்: பக்கத்து வீட்டுப் பெரியப்பா ‘கருவேலம்’ என்றார். டவுனில் சாமில் வைத்திருப்பவர் எட்ட நின்று பார்த்துவிட்டு ‘கருமருது, ஆனால் பழசு, விறகு விலைதான் வரும்’ என்றார். விறகு விலைக்கு எடுப்பவர் எதற்கு அன்றைக்கே வண்டியை அனுப்பட்டுமா என்று இரண்டு தடவை கேட்டார் என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

அப்பா இல்லை. பாட்டிக்கு 86 வயது, பெங்களூரில் அத்தை வீட்டில் இருக்கிறார், போனில் காது சரியாகக் கேட்காது. மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது தேக்கு, வேம்பு, பிளைவுட், இவ்வளவுதான். பட்டையையும் ரேகையையும் வைத்துப் பெயர் சொல்ல முடியுமா? படங்கள் ஆறு போட்டிருக்கிறேன்.

மாமன்மகன்77:

நண்பா, இரண்டாவது படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, கருங்காலி. எடை, கறுப்பு, கரையான் தொடாதது எல்லாம் பொருந்துகிறது. இன்றைக்குக் கருங்காலி மாலை என்ன விலை போகிறது தெரியுமா? 9 அடி உத்தரத்தில் எத்தனை மணி உருட்டலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள்.

உளிமுனை:

மாமன்மகன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதை ஊரே படிக்கிற இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

நான் தச்சு வேலை செய்கிறவன், நாமக்கல். பழைய வீட்டு மரத்தை மேல்நிறத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது. அறுபது வருடம் அடுப்புப் புகை, மாட்டு மூத்திரம், எண்ணெய் எல்லாம் ஏறிய கட்டையைப் பார்த்தால் வேம்பும் கருங்காலிதான். அந்தக் காலத்தில் கரையானுக்காக முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள், அது பூசினால் எதுவும் கறுப்புதான். உங்கள் படங்கள் ஆறும் மேல்தோல் படம். தப்பாக நினைக்காதீர்கள், அவற்றால் பயன் இல்லை.

செய்ய வேண்டியது இது. உத்தரத்தின் முனையில் ஓர் அங்குலம் அறுத்துத் தள்ளிவிடுங்கள். அடுத்து வருகிற புது முகத்தில் ஒரு சின்ன கட்டை எடுத்து, அளவு பிடித்து நாலு பக்கமும் சதுரமாக்குங்கள். எடை போடுங்கள். எங்கள் கணக்கில் தேக்கு ஒரு கன அடி 18, 19 கிலோ. தண்ணீர் 28 கிலோ சொச்சம். உங்கள் உத்தரம் 2¼ கன அடி. தேக்காக இருந்தால் 40 கிலோ சுற்றி வரும், உங்கள் மச்சானுக்கு இடுப்பு பிடித்திருக்காது.

அப்புறம், குறுக்கு வெட்டு முகத்தைப் புது பிளேடால் சீவுங்கள். ரம்பம் அறுத்த முகத்தில் ஒன்றும் தெரியாது, துளையெல்லாம் தூள் அடைத்திருக்கும். சீவின இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பாரே, அந்தப் பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள். மரத்தின் கைரேகை அங்கேதான் இருக்கிறது. பக்கவாட்டு ரேகை அழகுக்குத்தான். ஒரே மரத்தையே அறுக்கிற கோணத்தைப் பொறுத்து வேறு வேறு மாதிரி காட்டும்.

கருமருது என்பது எனக்கு ஒட்டவில்லை. கருமருதுப் பட்டை முதலைத்தோல் மாதிரி கட்டம் கட்டமாக, தடிமனாக வெடித்திருக்கும். உங்கள் தூணில் அப்படி இல்லை. இதுவரைக்கும்தான் என்னால் சொல்ல முடியும்.

பெண்ணாகரத்தான்:

உளிமுனை அண்ணா, நன்றி. சொன்னபடி செய்தேன். முனையை அறுக்க வந்தவர் பிளேடு போச்சு என்று தனியாக 150 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கட்டை 10 × 5 × 4 செ.மீ., அதாவது 200 கன செ.மீ. சமையலறைத் தராசில் 219 கிராம். வாளித் தண்ணீரில் போட்டேன், கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. இரண்டு தடவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன் (ஒரு மரத்துண்டு மூழ்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது).

புது முகத்தின் நிறம் கறுப்பு இல்லை. கருஞ்சிவப்பு, நடுநடுவே நாவல்பழச் சாறு சிந்தின மாதிரி ஊதாக் கோடுகள். பட்டைத் தூணின் முனையையும் அறுத்தேன். அதே நிறம், அதே கனம். பட்டைக்கு அடுத்து வெளுத்த வளையம் முக்கால் அங்குலம்கூட இல்லை, மீதி முழுக்க வைரம், அதாவது முற்றிய உள்கட்டை.

கோவையில் தெரிந்த நகைப் பட்டறையில் லென்ஸ் இரவல் வாங்கினேன். பார்த்தால் ஊசி குத்தின மாதிரி துளைகள், முகம் முழுக்கப் பரவலாக. வரிசை, வளையம் என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெளிர் நிறத்தில் ஒரு விளிம்பு, கண்ணுக்கு மை போட்டதற்கு நேர்மாறாக. சில துளைகளுக்குள் கருஞ்சிவப்பாக ஏதோ அடைத்திருக்கிறது. படம் எடுக்க லென்ஸைக் கைபேசியில் ரப்பர்பேண்டால் கட்டினேன், ஏழில் ஒன்றுதான் தேறியது.

வன்னியான்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம். தண்ணீரில் தாழும் மரம் என்றால் எங்கட பக்கம் முதலில் சொல்லுவது பாலை. வன்னிக் காட்டில் இருந்து வரும், செங்கபிலம், அடிச்சால் இரும்பு மாதிரிச் சத்தம். பாலைப்பழம் சாப்பிட்டால் உதடு ஒட்டும், அந்தப் பாலைதான். என்ர அம்மப்பா வீட்டுக் கிணற்றடித் தூண் பாலை, இன்றைக்கும் நிற்குது. முதிரையும் பாரம்தான், ஆனால் அது மஞ்சள், உங்கட நிறம் இல்லை. தமிழ்நாட்டில் பாலை இல்லையோ?

ஓய்வுபெற்ற வனவர்:

தம்பி பெண்ணாகரத்தான், நான் தருமபுரி மாவட்டத்தில் அரூர், பாலக்கோடு, பெண்ணாகரம் சரகங்களில் வேலை பார்த்தவன். நீங்கள் ஊர்ப்பெயர் சொன்னபோதே எனக்கு ஒரு சந்தேகம். லென்ஸ் படம் வரட்டும் என்று இருந்தேன்.

முதலில் எடை. 200 கன செ.மீ.க்கு 219 கிராம் என்றால் அடர்த்தி 1.09. பச்சை மரம் எதுவும் ஈரத்தால் மூழ்கலாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அறுபது வருடம் ஓட்டுக்கடியில் காய்ந்த கட்டை மூழ்குகிறது என்றால் அதன் பொருளே வேறு. நம் காட்டில் அப்படி மூழ்கும் மரங்களை ஒரு கை விரலில் கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். கருவேலம், கருமருது, வேங்கை மூன்றும் காய்ந்தால் சாதாரணமாக மிதக்கும். பெரியப்பாவும் சாமில்காரரும் இத்தோடு கழிந்தார்கள்.

கருங்காலி என்று சொன்னவருக்கு: அந்தப் பெயரில் இரண்டு மரங்கள் இருக்கின்றன. ஒன்று எபனி, தும்பிலி வகையறா, வைரம் மைக்கறுப்பு. இன்னொன்று காசுக்கட்டி காய்ச்சுகிற முள்மரம், வைரம் செங்கபிலம். மாலை விற்பவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். தம்பியின் கட்டை முதலாவது இல்லை, ஊதாக்கோடு ஓடுகிறது. இரண்டாவதும் இல்லை, அதன் பட்டை செதில் செதிலாக உரிந்து தொங்கும்.

வன்னியான் சொன்ன பாலை நல்ல ஊகம். தமிழ்நாட்டிலும் உண்டு, கடற்கரைப் பக்கத்துப் புதர்க்காடுகளில். எடையை வைத்துப் பாலையை ஒதுக்க முடியாது, அதுவும் மூழ்கும். இங்கேதான் லென்ஸ் வேலை செய்கிறது. பாலை, இலுப்பை, மகிழம் எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் துளைகள் தனித்தனியாகச் சிதறாது, மணி கோத்த சரம் மாதிரி நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசை பிடிக்கும். தம்பியின் படத்தில் வரிசையே இல்லை. துளையைச் சுற்றி வெளிர் விளிம்பு என்கிறார். அது புளி, வாகை, வேங்கை, கருவேலம் இவற்றின் வகையறாவில், அதாவது அவரைக் குடும்பத்து மரங்களில், அடிக்கடி பார்க்கிற அடையாளம். எல்லா மரத்திலும் ஒரே மாதிரி இருக்காது, வேறு குடும்பங்களிலும் சிலவற்றில் வரும். ஆனால் எடையோடும் நிறத்தோடும் சேர்த்துப் பார்த்தால் வழி குறுகிவிடுகிறது.

மிச்சம் இருக்கிற போட்டி புளி. புளியின் வைரமும் ஊதாக்கபிலம்தான், கனமும்தான். ஆனால் புளியில் வைரம் சிறுத்து, ஓரம் கோணல்மாணலாக இருக்கும், வெள்ளைதான் நிறைய. தம்பியின் தூண் 7 அங்குல விட்டத்திலேயே முக்கால் அங்குலம் போக மீதி முழுக்க வைரம் என்கிறார்.

ஆக, என் கணக்கில் இது ஆச்சா. சிலர் ஆச்சான் என்பார்கள், கன்னடத்தில் கரச்சி, வடக்கே அஞ்சன். தாவரவியல் பெயர் ஹார்ட்விக்கியா பைனாட்டா. ஒகேனக்கலுக்கு இறங்கும் சரிவிலும் காவிரிக்கரைப் பாறைகளிலும் வேறு மரம் வேர்விட யோசிக்கிற இடத்தில் இது நிற்கும். பேருந்தில் போகும்போதே பார்த்திருப்பீர்கள். இலை இரட்டை இரட்டையாக இருக்கும், பைனாட்டா என்ற பெயரே அதற்காகத்தான். மந்தாரையில் ஓர் இலைதான் நடுவில் பிளந்திருக்கும், இதில் இரண்டும் தனித்தனி. இளமரப் பட்டை வெள்ளி மாதிரி வெளுத்திருக்கும், வயதானால் நீங்கள் சொன்ன கருஞ்சாம்பலும் வெடிப்பும்.

பட்டையைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், இழுத்துப் பாருங்கள். உள்ளங்கை அகலம் எடுத்து ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். ஆச்சாப் பட்டையின் உட்பக்கம் நல்ல நார், அந்தக் காலத்தில் கயிறு திரிப்பார்கள். பழம்பட்டை நொறுங்கினால் அதை வைத்து இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். நார் வந்தால் நமக்கு லாபம். தழை ஆடுமாட்டுக்குத் தீவனம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆடு வைத்திருந்தால் மரத்தின் பெயரைவிடத் தழையின் பெயர் அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். காது கேட்கவில்லை என்று பாட்டியை விட்டுவிட்டீர்களே, அவர்தான் முதல் சாட்சி.

முத்திரை குத்திய பதில் வேண்டும் என்றால் பெங்களூர் மல்லேசுவரத்தில் மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள். பாட்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

காவிரிக்கரை:

வனவர் ஐயா ஆச்சா என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தம்பி, எதையும் விற்றுவிடாதீர்கள்!

நான் ஆடுதுறைப் பக்கம். பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரத்தின் உலவை, அதாவது நீளக் குழல் பாகத்தை, அங்கே ஆச்சா மரத்தில்தான் கடைகிறார்கள். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாயனம் என்கிற நீளமான நாகஸ்வரத்தைச் செய்து கொடுத்த ரங்கநாதன் ஆசாரியின் ஊர் அது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. புது ஆச்சாவை அவர்கள் விரும்ப மாட்டார்கள், கடைந்த பிறகு வெடித்துவிடும். பழைய வீட்டு உத்தரம், தூண், நிலைக்கட்டை என்று தேடிப் போய் வாங்குவார்கள். எத்தனை வருடம் காய்ந்ததோ அத்தனைக்கு நல்லது. உள்ளே எச்சிலும் மூச்சும் போய்க்கொண்டே இருக்கிற குழல் அல்லவா?

எல்லாக் கட்டையும் ஆகாது. ஆணி அடித்த ஓட்டை, முடிச்சு, உள்வெடிப்பு இல்லாமல் நேர் ரேகையாக இரண்டரை அடிக்குக் குறையாமல் வேண்டும். உங்கள் உத்தரத்தில் ஆணி இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அது நல்லதாகப் போயிற்று.

உளிமுனை:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், காவிரிக்கரை முந்திவிட்டார். இரண்டு விஷயம். வெட்டின முனைகளில் மெழுகோ பழைய பெயிண்ட்டோ தடவி நிழலில் வையுங்கள், வெயிலில் போட்டால் முனையிலிருந்து கீறல் ஓடும். இன்னொன்று, வண்டியில் ஏற்றுகிறதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். மரப் போக்குவரத்துக்கு 1968ஆம் வருட விதிகள் இருக்கின்றன. பழைய கொட்டகை மரம்தான் என்று வாயால் சொன்னால் வழியில் நிறுத்துகிறவர் நம்ப வேண்டுமே.

பெண்ணாகரத்தான்:

எல்லாருக்கும் தாமதமான பதில், மன்னிக்கவும்.

பட்டையை ஊறவைத்தேன். மேல்பக்கம் சேறு மாதிரி கரைந்து போயிற்று. உள்பக்கம் நகத்தால் நெம்பினதும் நாடா நாடாக வந்தது. இரண்டு சாண் நீளத்தில் ஒன்றை எடுத்துத் திரித்து, அதில் அந்த 219 கிராம் கட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன், அறவில்லை. முழம் கயிறு திரிப்பதற்குள் எனக்குத்தான் விரல் சிவந்துவிட்டது.

சனிக்கிழமை பெங்களூர் போனேன். நிறுவனம் விடுமுறை, அதை யோசிக்காமல் கிளம்பியிருக்கிறேன். துண்டைப் பாட்டி கையில் கொடுத்தேன். எதுவும் கேட்கவே இல்லை. கையில் வாங்கி, ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘ஆச்சாக்கட்டை, ஏது?’ என்றார். அவ்வளவுதான், மூன்று வினாடி. லென்ஸ், தராசு, பிளேடுக்கு 150 ரூபாய்!

அப்புறம் அவராகவே பேசினார். கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது ஆச்சாத் தழைதான் ஆடுகளுக்கு. தாத்தா ஏறி ஒடித்துப் போடுவார், பாட்டி கீழே கட்டு கட்டுவார், அந்தக் கட்டைக் கட்டுவதற்கும் அதே மரத்துப் பட்டைதான். அந்த உருண்டைத் தூணை ஏன் செதுக்கவில்லை என்று அத்தை காதருகே கத்திக் கேட்டார். கோடரி வாய் மடங்கிவிட்டதாம். மூன்றைச் செதுக்கி முடித்ததும் தாத்தா கோடரியை வீசிவிட்டு, நாலாவது சுவர்ப்பக்கம்தானே, மாடா பார்க்கப்போகிறது என்றாராம். அறுபது வருடம் கழித்துப் பட்டை கிடைத்ததற்குக் காரணம் அந்த அலுப்புதான்.

வனவர் ஐயா, நிறுவனத்துக்கு அடுத்த முறை வாரநாளில் போகிறேன். காவிரிக்கரை அண்ணா, உத்தரத்தை முழுக்கத் தடவிப் பார்த்தேன். நடுவில் ஒரு முடிச்சு இருக்கிறது, அது போக ஒரு பக்கம் நாலடியும் இன்னொரு பக்கம் மூன்றடியும் சுத்தமாக இருக்கின்றன. நீங்கள் சொன்ன ஊரிலிருந்து யாராவது வந்து தட்டிப் பார்த்தால் நல்லது, தனிச்செய்தியில் எண் கொடுக்கிறேன். பட்டைத் தூண் மட்டும் விற்பனைக்கு இல்லை.

கட்டை எங்கிருந்து வந்தது என்று பாட்டி இரண்டாம் முறை கேட்டார். கொட்டகையைப் பிரித்ததை இன்னும் சொல்லவில்லை. ஊரில் கிடந்தது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.